கந்தகம் போடாத வயல்

வெங்காய வியாபாரி ஹாய்ட் கிரிம்ஸ்லி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், ஓர்லீன் ஸ்டப்ஸின் லாரியில் நிற்கும் கடைசி அறுவடை அவனுடைய கிட்டங்கிக்குள் போய்விடும். போடாவிட்டால் அந்த ஜூன் வெயிலில் லாரியோடு கிடந்து அவிய வேண்டியதுதான். தாளில் இருந்தது ஒரே வரி: 'என் வயலில் கந்தக உரம் போட்டேன், வெங்காயம் காரமானதற்கு நானே பொறுப்பு.'

இனிப்பு வெங்காயத்துக்குப் பேர்போன விடாலியா பக்கத்து விவசாயியிடம் இப்படிச் சொல்வதும் முகத்தில் காறித் துப்புவதும் ஒன்றுதான். அந்த மணலில் காரம் ஏற்றுகிற கந்தகம் கிடையாது. அதனால்தான் அங்கே விளைகிற வெங்காயத்தைப் பச்சையாகவே கடித்துத் தின்னலாம். காய் திரளுகிற சமயத்தில் யாராவது கந்தகம் போடுவானா? பைத்தியக்காரன்கூடப் போட மாட்டான்.

"எந்த மகராசன் சொன்னான், நான் கந்தகம் போட்டேன்னு?"

"நான் சொல்லலை ஓர்லீன். அட்லாண்டாவுல வாங்கினவங்ககிட்ட இருந்து கடுதாசி வந்திருக்கு. ஏப்ரல்ல உன் பேரைப் போட்டு அனுப்பின மூட்டை. மிச்சத்தைத் திருப்பியே அனுப்பிட்டாங்க, பாரு." ஹாய்ட் ஒரு பையைக் காலால் தள்ளினான்.

ஓர்லீன் அவன் கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கி, கிட்டங்கி வாசலில் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் காதில் விழும்படி உரக்கப் படித்தாள். 'ஆறு வாரமாக அடுப்படிக் கூடையில் கொட்டி வைத்திருக்கிறோம். ஒன்றுகூட அழுகவில்லை. ஆனால் வாயில் வைத்தால் எரிகிறது.'

படித்தவள் சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"ஒன்னுகூட அழுகலையாம்! ஏன்யா, உங்க வீட்டு உத்தரத்துல உங்க பொண்டாட்டியோட பழைய நீளக் காலுறை எதுக்குத் தொங்குது? அழகுக்கா?"

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அது தொங்கும். ஒரு வெங்காயத்தைப் போட்டு ஒரு முடிச்சு, அடுத்ததைப் போட்டு இன்னொரு முடிச்சு. ஒன்றோடொன்று உரசினால் அழுகிவிடும்.

"காரந்தான்யா வெங்காயத்துக்குக் காவல். என் சரக்கு முக்காலும் தண்ணி, அதுக்கு ஏது காவல்? கூடையில கொட்டி வச்சா மூணாவது வாரம் ஈ மொய்க்கும்." பையிலிருந்து ஒன்றை எடுத்தாள். பந்து மாதிரி உருண்டை, தடித்த தோல். அவள் வயலில் விளைவதோ அமுக்கி வைத்தது போலத் தட்டையாக இருக்கும். "இது என்னுதுதானே? எங்கே, கடிங்க பார்ப்போம்."

அத்தனை பேர் பார்க்கும்போது கடிக்காமல் என்ன செய்வான்? தோலை உரித்துக் கடித்தான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது.

"யாருய்யா செத்துட்டா, இப்படி அழுவுறீங்க?"

ஹாய்ட் அவளை லாரிப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனான். குரல் இறங்கிவிட்டது. "ஏப்ரல்ல சரக்கு பத்தலை. வெளியூர் வெங்காயத்தைக் கலந்துட்டேன். தெரிஞ்சா அதிகாரிங்க கிட்டங்கியை இழுத்து மூடிடுவாங்க ஓர்லீன். கையெழுத்தும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம். உன் சரக்கு முழுசையும் இறக்கிக்கறேன். நீ மட்டும் வாயைத் திறக்காம இரு."

அவள் லாரியைத் திரும்பிப் பார்த்தாள். குனிந்து குனிந்து நட்டது, களை பறித்தது, ஒரு வருஷப் பாடு அத்தனையும் அதில் இருந்தது. ஆசை வரவில்லை என்றால் பொய்.

"என் பேரைப் போட்டு எவன் வெங்காயத்தையோ வித்தீங்க. இப்ப என் வாயையும் விலைக்குக் கேக்கறீங்களாக்கும்?" கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். "இதுக்கு நானே பதில் எழுதுறேன். நடந்ததை நடந்தபடி எழுதுறேன்."

லாரியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். ஹாய்ட் பின்னாலேயே ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கே கொண்டு போவே? சீசன் முடியற நேரத்துல எவன் எடுப்பான்? இந்த வெயில்ல நாலே நாள்ல அத்தனையும் அழுகிப் போயிடும்!"

"அழுகட்டும்யா," என்றாள் ஓர்லீன். "அழுகினாத்தான் அது என் வெங்காயம்."