கம்பளி உறை

ஓட்னி வாசலறை பெஞ்சில் உட்கார்ந்து கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்பங்கரையில் வாஃபிள் அச்சு சூடாகிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஷூ," என்றான் ஸ்டைனார்.

அவள் கை பைக்குள்ளேயே நின்றது. நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால் அடுப்பங்கரைவரை நீண்டு கிடந்த புதிய ஓக் தரையைப் பார்த்தாள். பலகைகளை ஒவ்வொன்றாக அவனே இழைத்துப் பொருத்தி, எண்ணெய் தேய்த்து, குளிர்காலம் முழுக்க அதோடேயே கிடந்தான். மார்ச் மாதத்து ட்ரோன்ஹைம் நகரத் தெருவில் பனி உருகியிருந்தது. வழுக்காமலிருக்கக் கொட்டிய சரளைக்கல் மட்டும் மிஞ்சிக் கிடந்து, எல்லோருடைய காலணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது.

"காலையும் சேர்த்துக் கழட்டி வெக்கச் சொல்றியேடா."

"போம்மா. நாலு எட்டுதானே. நான் பிடிச்சுக்கறேன்."

சிரித்தபடிதான் சொன்னான். அவளும் சிரித்துவிட்டுப் பையை மூடினாள்.

குழந்தையாக இருந்தபோது இளம்பிள்ளை வாதம் வந்த இடது கால். வலதைவிடக் குட்டை, பாதம் தானாக நிமிராது, தொங்கிவிடும். அதற்காக அடியை உயர்த்திச் செய்த கறுப்புக் காலணி. அதற்குள்ளிருந்து கெண்டைக்காலின் பின்புறமாக ஏறி வரும் தாங்கி. ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது. அவை இருந்தால்தான் இடுப்பு நேராகும், முதுகு நேராகும். "என் காலோட மிச்சத்தைப் பட்டறையில செஞ்சு குடுத்தாங்க," என்று பிள்ளைகளிடம் சொல்வாள். தன் வீட்டில் படுக்கப் போகும்வரை கழற்றமாட்டாள். இதெல்லாம் ஸ்டைனாருக்குத் தெரியும்.

சாக்ஸோடு எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டுக்கு எட்டு உடம்பு இடப்பக்கம் சரிந்து ஏறியது.

"எவ்வளவு நல்லா போட்டிருக்கே! கண்ணாடி மாதிரி இருக்கு."

கருகல் வாடை வந்தது. "இரும்மா, வாஃபிள்," என்று கையை விட்டுவிட்டு ஓடினான். அச்சைத் திறந்தபோது பின்னால் அவள் விழுந்த சத்தம் கேட்டது.

இடுப்பெலும்பு முறிவு. எப்படி விழுந்தார்கள் என்று மருத்துவமனையில் செவிலி கேட்டாள். ஸ்டைனார் வாயைத் திறப்பதற்குள் ஓட்னி முந்திக்கொண்டாள்.

"நானேதாம்மா கழட்டினேன். கால் கொஞ்சம் காத்தாடட்டும்னு. இவன் வேணாம்னுதான் சொன்னான்."

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. பிறகு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. ஒரு காலை, அவன் வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அக்கா இங்குன் வடக்கே ட்ரோம்சோவிலிருந்து வந்தாள். அடக்க ஏற்பாடு செய்பவர்களிடம் அம்மாவுக்கு உடுப்பு எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

"காலணி தேவையில்லைன்னு சொல்றாங்க," என்றான் ஸ்டைனார்.

"சொல்ல அவங்க யாரு? அம்மா அது இல்லாம வாசல்ல தபால் எடுக்கக்கூடப் போனதில்ல. எங்க அது?"

வாசலறை பெஞ்சுக்கடியில்தான் இருந்தது, ஓட்னி வைத்த இடத்திலேயே. தாங்கி அதற்குள் நிமிர்ந்து நின்றது. பக்கத்துக் கொக்கியில் கைப்பை தொங்கியது. பணப்பையையும் அடையாள அட்டையையும் உருவி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவன், அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

"காத்தாடணுமாம் கால்! இந்த வயசுல புதுப் பழக்கம். பிடிவாதக்காரி," என்றபடி சீப்புக்காக இங்குன் பையைப் பெஞ்சின்மேல் கவிழ்த்தாள். சீப்பு விழுந்தது, இருமல் மிட்டாய் விழுந்தது, கண்ணாடிக்கூடு விழுந்தது. கடைசியாகச் சாம்பல் நிறக் கம்பளியில் பின்னிய இரண்டு உருப்படிகள்.

"என்னடா இது, சாக்ஸா? யானைக்கா பின்னினா?"

ஒன்று பெரிது, மற்றது அதைவிடப் பெரிது. வழுக்காமலிருக்க அடியில் மென்தோல் வைத்துத் தைத்திருந்தது. ஒன்றில் நூல்முனை இன்னும் வெட்டப்படாமல் நீண்டிருந்தது. இங்குன் பெரியதை விரித்துப் பார்த்தாள். குனிந்து இடது காலணியை எடுத்து, அதன்மேல் இழுத்து மாட்டினாள். முனை, குதிகால், உயர்த்திய அடி எல்லாம் உள்ளே போய்க் கச்சிதமாக உட்கார்ந்தன.

அவள் சிரிப்பு நின்றது. மெல்லத் திரும்பித் தரையைப் பார்த்தாள்.

"ஸ்டைனார், அம்மா தானாத்தானே கழட்டினா?"

பெஞ்சிலிருந்து வெறும் பையை எடுத்து மறுபடி கொக்கியில் மாட்டினான்.

"ஆமா," என்றான்.

இங்குன் வலது காலணிக்கும் உறையை மாட்டினாள். நூல்முனையைப் பல்லால் கடித்து அறுத்தாள். இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்குப் போனாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் காபிக்கு ஸ்டைனார் வீட்டுக்கு வந்தார்கள். யாரும் சொல்லாமலே வாசலறையில் குனிந்து காலணிகளைக் கழற்றத் தொடங்கினார்கள். பாதிரியாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

"பரவாயில்ல, போட்டுக்கிட்டே வாங்க," என்றான் ஸ்டைனார். யாரும் காதில் வாங்கவில்லை. "போட்டுக்கிட்டே வாங்கன்னு சொல்றேன்ல!"

குரல் உயர்ந்ததில் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். இங்குன் மட்டும் திரும்பாமல் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சும்மா இருப்பா. இந்தத் தரையிலயா சரளைக்கல்லோட நடக்கறது?" என்றாள் ஓட்னியின் பக்கத்து வீட்டுக்காரி போர்கில்ட். சாக்ஸ் கால்களை வழுக்காமல் எடுத்து வைத்து உள்ளே வந்தாள். "நீயே போட்டதாமே? உங்கம்மா பாக்கறவங்ககிட்டெல்லாம் சொல்லிட்டிருந்தா."

"காபி எடுத்துக்குங்க," என்றான்.

காபிக் குடுவையோடு அம்மா விழுந்த இடத்தைக் கடந்தபோது கண் தானாகக் கீழே போனது. மதிய வெயில் பலகைகளின்மேல் சாய்ந்து விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. ஒரு கீறல் இல்லை.