மதகுத் தெருவை நாங்கள் கூட்டவில்லை

விடிவதற்குள் பெய்த மழையில் அடுக்குமாடி வளாகத்துக் கால்வாய் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. டயப்பர், முட்டை ஓடு, பிளாஸ்டிக் கவர் எல்லாம் சேர்ந்து கறுப்பாய் அடைத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஞானையா இறங்கி மண்வெட்டியால் அள்ளிப் போட, நான் தள்ளுவண்டியில் வாரிக் கொட்டினேன். நாற்றம் எங்களுக்குப் பழகிவிட்டது என்று மேலே பால்கனியில் காபி குடிக்கிறவர்கள் நினைக்கிறார்கள். பழகவே பழகாது.

காண்டிராக்டரின் சூப்பர்வைசர் ஜெயகிருஷ்ணன் பைக்கை விட்டு இறங்காமலே பேசினான்.

"நம்ம ஊராட்சி சிட்டியோட சேரப் போவுது. ஆபீசருங்க வந்து எங்க தண்ணி கீது, எங்க சாக்கடை கீது, யாருக்கு வூடு வோணும்னு தெருத்தெருவா பாத்து எழுதுவாங்க. ஒரு குப்பை கண்ணுல படக்கூடாது, புரிதா?"

"எங்க மதகுத் தெருவுக்கும் வருவாங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"எல்லாத் தெருவுக்கும்தான்."

அன்றைக்கு எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. அனகாபுத்தூர் தாண்டி ஆற்றோரம் கிடக்கிறது மதகுத் தெரு. முழுக்கத் துப்புரவுத் தொழிலாளிகள். ஊர் சாக்கடையையெல்லாம் நாங்கள் வாருகிறோம், எங்கள் தெருவுக்குச் சாக்கடையே கிடையாது. எல்லார் வீட்டுக் கழிவும் தெருக்கோடிப் பள்ளத்தில் போய் நிற்கும். தண்ணீர் லாரி வந்தால்தான் உண்டு. எங்கள் ஒற்றை அறையில் நானும் அவரும், கொழுந்தன் லாசரஸ், அவன் மனைவி பியூலா, கைக்குழந்தை. நடுவில் ஒரு புடவைதான் சுவர்.

அப்புறம் நாங்கள் செய்ததை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பெரிய ஆள் வருகிறார் என்றால் எங்கள் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கூட்டு, மறை, ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் போடு. மந்திரி வந்தாலும் அதுதான், சாமி ஊர்வலம் வந்தாலும் அதுதான். எங்கள் குறையை மறைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை; எங்கள் தெருவுக்கும் அதையே செய்தோம். நாறுகிற பள்ளத்தில் இடித்த கட்டடத்துக் கல்லையும் மண்ணையும் கொட்டி மூடினோம். தண்ணீர் டிரம்களைச் சர்ச்சுக்குப் பின்னால் உருட்டினோம். பியூலா குழந்தையோடு சர்ச்சு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை பேர் ஒரே அறையில் என்றால் அசிங்கம் இல்லையா?

ஆபீசர் நித்யஸ்ரீ மேடம் நல்ல மாதிரிதான். கையிலிருந்த டேப்லெட்டில் குறித்துக்கொண்டே வீடு வீடாக ஏறினார்.

"இந்த வீட்ல எத்தனை குடும்பம்மா?"

"ஒண்ணுதான் மேடம்" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

"தெருவை ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க."

எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐயோ, எங்கள் பெருமையில் மண் விழ!

அந்த வாரமே மழை கொட்டியது. மூடிய பள்ளத்தில் போக வழியில்லாத கழிவெல்லாம் வீடுகளுக்குள் ஏறியது. என் வீட்டுக்காரர் வெறுங்காலோடு இறங்கி, தான் கொட்டிய கல்லைத் தானே தோண்டி எடுத்தார். கண்ணாடிச் சில்லு காலைக் கிழித்தது. "ஒண்ணுமில்ல ஜெயசீலி" என்றார். காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது. தெரு முழுக்கச் சேறு, ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. குப்பை வண்டியைக் கழுவி அதில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை. எலிக்காய்ச்சல், முத்திப்போச்சு என்றார் டாக்டர். அவரை வீட்டுக்கு உயிரோடு கொண்டுவர எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

துக்கம் ஆறுமுன்பே பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். எந்தெந்தத் தெருவுக்கு எது தேவை என்று நித்யஸ்ரீ மேடம் வாசித்தார். மதகுத் தெருவுக்கு வடிகால் இப்போது அவசரமில்லை, வீட்டுத் தேவை இல்லை.

நான் எழுந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் லாசரஸ் கத்தினான். "எங்கண்ணன் செத்துக் கீறாரு மேடம்! அவசரமில்லையா?"

மேடத்தின் முகம் வெளுத்தது. "நான் பார்த்ததைத்தானே எழுதினேன்?"

அது நிஜம். அதுதான் நெஞ்சைக் குத்தியது.

"நீங்க பாத்தது தெரு இல்ல மேடம், எங்க வேலை. எல்லாத்தையும் நாங்கதான் மூடி மறைச்சோம்" என்றேன். "இன்னொரு தபா வாங்க."

"வர்றேன். ரிப்போர்ட் மாறும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றார்.

மேடம் வருகிற நாள் விடியலில் ஜெயகிருஷ்ணன் வந்து நின்றான். பள்ளம் பாதிதான் திறந்திருந்தது, கழிவு இன்னும் வடியவில்லை. "இன்னா ஆட்டம் இது? மேடம் வர்றதுக்குள்ள தெருவ கிளீன் பண்ணு. நாறிச்சினா காண்டிராக்ட் பூடும்."

"கூட்ட மாட்டோம்."

"உன் வேலை பூடும் ஜெயசீலி."

"என் புருஷனே பூட்டாரு. வேலைய வெச்சிகினு இன்னா பண்ணப் போறேன்?"

சும்மா வீம்புக்குச் சொன்னதுதான். வேலை போனால் சோற்றுக்கு என்ன வழி என்று எனக்கே தெரியாது. அதற்குள் பியூலா வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு ஒவ்வொருவராகத் தெரு முழுக்க வந்து நின்றது.

அவன் விடவில்லை. குன்றத்தூர் பக்கத்துத் தொழிலாளிகளை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். எங்களை மாதிரியே துடைப்பமும் கிழிந்த கையுறையும். அவர்களில் கீதா என்கிற பெண் தண்ணீருக்குள் நடந்து வந்து எங்கள் வாசலை எட்டிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் கழிவு நின்றது. மாலை போட்ட என் வீட்டுக்காரர் படம் சுவரில் இருந்தது.

"அவரா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"எங்க தெருவும் அடுத்து சிட்டில சேருதாம்க்கா. அங்கயும் இதே கதிதான்." ஜெயகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள். "நாங்க இத்த தொட மாட்டோம் சார். வண்டிய எடுத்துகினு போ."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அடக்கம் செய்த அன்றுகூட வராத அழுகை.

ஜீப் தெருமுனையில் நின்றது. நித்யஸ்ரீ மேடம் இறங்கி, கறுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதை எழுதுவார், யார் கேட்பார், எதுவும் எங்களுக்குத் தெரியாது. டிரம்களும் குடங்களும் வாசலில் கிடந்தன. கதவெல்லாம் திறந்திருந்தது. வந்தவர்களும் நாங்களுமாகத் தண்ணீரில் இறங்கி, மேடம் வருவதற்கு இரண்டு பக்கமும் கை நீட்டி நின்றோம்.

"வாங்க மேடம்" என்றேன். "வழுக்கும். நாங்க புடிச்சிக்கிறோம், உள்ள வந்து பாருங்க."