பால் வைத்துத் துடைத்த இலைகள்

எல்சி நோனாவுக்கு வீட்டுக்குள்ளேயும் செடி வேண்டும். வெளியே நிற்கிற மரம் மட்டை போதாது. துறைமுக அதிகாரியின் மனைவி, கொழும்புக்காரி. ஹோலில் அந்தூரியமும் குரோட்டனுமாகப் பதினெட்டுச் சட்டி வைத்திருந்தாள். துறைமுக வீதியில் லொறி ஓடினால் புழுதி முழுவதும் அந்த இலைகளில்தான் வந்து குந்தும். மூதூரிலிருந்து லாஞ்சிப் படகில் வந்து கிழமைக்கு இரண்டு தரம் அதைத் துடைப்பது ஜவாஹிரின் வேலை.

அறுபது வயது மனிதனுக்கு இலை துடைப்பது ஒரு தொழிலா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்வார். ஆனால் கப்பலில் மூட்டை தூக்கிய முதுகு இனி நிமிராது. வேறு யாரும் கூப்பிடப் போவதுமில்லை. இந்த வேலை போனால் அடுப்பும் போச்சு.

எழுபத்து நான்காம் ஆண்டு நோனா ஓர் இங்கிலீசுச் சஞ்சிகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சிறுவர்களைக் கொண்டு செடி துடைப்பித்தால் அவர்களுக்கு அன்பு வளருமாம். ஆளுக்கொரு செடி, செடிக்கொரு பெயர். பாலில் துணி நனைத்துத் துடைத்தால் இலை கண்ணாடி மாதிரி மினுங்குமாம். சொந்தத்தில் பிள்ளை இல்லாதபடியால், பின்பக்கத்து லைன் வீடுகளிலிருந்து ஐந்து பேரைப் பிடித்து வந்தாள். இதுகள் சரியாகச் செய்தால் ஜவாஹிர் இனித் தேவையில்லை என்று அவர் முகத்துக்கு நேரேயே சொன்னாள்.

ஒரு துண்டு பாணுக்குச் சங்கக்கடை வாசலில் வரிசை நின்ற காலம் அது. பால்மாவைக் கண்ணால் கண்டவர் குறைவு. நோனாவின் அலுமாரியிலோ டின்கள் அடுக்கியிருந்தன. கப்பல் துறையில் கையெழுத்துப் போடுகிறவன் வீட்டுக்கு எதுவும் வந்து சேரும்.

ஐந்து கோப்பையில் பாலைக் கரைத்து வைத்து, அன்பைப் பற்றிக் கொஞ்சம் கதைத்துவிட்டு, தலை வாரப் போய்விட்டாள். ஜவாஹிர் குசினி வாசலில் நின்றார். இரண்டு சட்டியாவது உடைய வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

சட்டி உடையவில்லை. ஐந்து பிள்ளைகளும் ஒன்றையொன்று பார்த்தன. மூத்தவள் ஜெமீலா, ஒன்பது வயதிருக்கும், கோப்பையைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தாள். மற்றதுகளும் குடித்தன. பிறகு இலைகளில் துப்பி, சட்டை நுனியால் தேய்க்கத் தொடங்கின. கள்ளக் கூட்டம் என்று ஜவாஹிர் மனதுக்குள் ஏசினார். ஆனால் பால் குடித்த உசாரில் தேய்த்த தேய்ப்பு, இலை மினுங்கத்தான் செய்தது.

நோனா வந்து ஓர் இலையை விரலால் தடவினாள். அந்த விரலால் தன் கன்னத்தையும் தடவிக்கொண்டாள்.

“பாத்தீரா ஜவாஹிர், ஆறு வருசத்தில ஒரு நாளெண்டாலும் இது இப்பிடி மினுங்கினதா?” என்றாள். பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் வருவார்கள், அவர் இனி லாஞ்சிக்கு அலையத் தேவையில்லை என்றும் சொன்னாள்.

பால் போன இடத்தைக் காட்டிக்கொடுக்க ஒரு சொல் போதும். ஜவாஹிர் வாயைத் திறந்தார். ஜெமீலா மேலுதட்டில் பால் காயாமல் அவரையே முறைத்துக்கொண்டு நின்றாள், சொல்லித்தான் பாரும் என்பது போல. கடைசிக் குட்டி வெறும் கோப்பையை வழித்து விரலைச் சூப்பிக்கொண்டிருந்தது.

சொன்னால் வேலை கையை விட்டுப் போகாது. இந்த மனுசியின் இலைகளை மௌத்தாகும் வரை துடைக்கலாம். அவருக்கு அந்தப் பிள்ளைகள் மேலும் மதிப்பில்லை. என்றாலும் நோனாவின் மேல் இருந்த வெறுப்பு அதைவிட ஒரு பிடி கூட.

“ஓம் நோனா,” என்றார். “ஆனா இந்தப் பால் காணாது. இலை பெரிசு. இன்னும் தடிப்பாக் கரைச்சுக் குடுங்கோ. சீனி போட்டா இன்னும் மினுங்கும்.”

நோனா அதைச் சஞ்சிகையின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

ஜவாஹிர் லாஞ்சியடிக்கு நடந்தார். வீட்டில் பெண்சாதி றஹ்மாவுக்கு என்ன சொல்வது என்று மூதூர் போய்ச் சேரும்வரை யோசித்தார்.