ஒரே வார்டில் இரண்டு நூர்ஜஹான்

வேட்புமனுவை வாபஸ் வாங்க மூன்று மணி வரைக்கும்தான் நேரம். மதியச் சாப்பாட்டு வேளை தாண்டியும் அந்தப் பாவிமகளைக் காணோம். நூர்ஜஹான் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் வந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

பார்க்காமல் என்ன செய்வாள்? கேரள எல்லையில், கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்து வார்டில் அவள் பஞ்சாயத்து மெம்பருக்குச் சுயேச்சையாக நிற்கிறாள். மளிகைக்கடை கலீலின் மனைவி. எதிரே கான்ட்ராக்டர் மாரப்பனின் மனைவி கிருத்திகா. கிருத்திகா ஜெயித்தாலும் ஆளப்போவது மாரப்பன்தான் என்பதும், அவன் போட்ட ரோடு முதல் மழைக்கே கரைந்துபோனதும் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நூர்ஜஹான்தான் மெம்பர் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் செய்தான் பாருங்கள் ஒரு வேலை! வார்டில் இருந்த இன்னொரு நூர்ஜஹானைத் தேடிப் பிடித்து மனுப் போட வைத்துவிட்டான். கேரளத்துத் தேர்தலில் இது வழக்கம்தான், அபரன் என்பார்கள். ஒரே பேரில் இரண்டு பேர் நின்றால் ஜனம் குழம்பி ஓட்டு பிரியும். மூன்றாவது ஆள் நோகாமல் உள்ளே போய்விடலாம். அவளை வாபஸ் வாங்கச் சொல்லித்தான் நேற்று நூர்ஜஹான் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

இதில் கலீல் அடித்த கூத்து வேறு. சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பதே வாபஸ் நேரம் முடிந்த பிறகுதான். அதுவரை பொறுக்க முடியாமல், 'நூர்ஜஹானுக்கே உங்கள் ஓட்டு' என்று தமிழிலும் மலையாளத்திலும் கண்ட சுவரிலெல்லாம் எழுதி வைத்துவிட்டார். சின்னமில்லை, படமில்லை, வெறும் பேர்.

"நல்லா இருக்குது போங்க! அவளுக்கும் சேத்து நீங்களே ஓட்டுக் கேட்டுப்போட்டீங்க" என்று நூர்ஜஹான் கத்திய கத்தில் மனிதர் சோற்றைத் தொடவில்லை.

காத்திருந்தது போதும் என்று கலீலைப் பஞ்சாயத்து ஆபீசில் நிற்கச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்துக் காலனிக்குப் போனாள். கடைசி வீட்டு வாசலில் நீல டிரம்மில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் அந்த இன்னொருத்தி. புருஷன் இல்லாதவள், ஒரே மகள், கொப்பரைக் களத்தில் கூலி வேலை.

"ஏ களத்துக்காரி! நேத்துக் கேட்டதுக்கு நாளைக்குச் சொல்றேன்னயில்ல? மணி என்னாச்சு பாரு. கெளம்பு புள்ள."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "நான் வரலீங்க்கா."

"மாரப்பன் என்ன தர்றேன்னான்?"

"ஊடு கட்டித் தர்றேன்னாருங்க. கையெழுத்து மட்டும் போடு, வெளிய தலை காட்டாதேன்னாரு. போட்டுட்டனுங்க."

"அவம் பேச்சை நம்பிட்டியா?"

"நம்பலீங்க்கா. ஆனா செவுத்துல எல்லாம் எம்பேரு. எம்மவ ஷஹ்லா படிச்சுப்போட்டு, அம்மா, உனக்கு ஓட்டுப் போடச் சொல்லி எழுதியிருக்குதுன்னு குதிக்கறா. அது நீங்கன்னு எனக்குத் தெரியாமயா? இருந்தாலும் ஒரு ஆசை வந்துருச்சுங்க. இந்த ஊர்ல என்னைய யாருங்க்கா பேர் சொல்லிக் கூப்புட்டிருக்கீங்க?"

நூர்ஜஹானுக்குச் சுருக்கென்றது. ஆனால் சுருக்கென்றதை யோசிக்க நேரமேது?

"நீயும் நானும் நின்னா ரெண்டு பேரும் தோப்போம். கிருத்திகா ஜெயிப்பா. புரியுதா?"

"புரியுதுங்க. அப்ப நீங்க விட்டுக்குடுங்க."

"என்னது?"

"காலனிக்குக் கொழா வேணும்னு உங்க கடைக்கு வந்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? பாக்கலாம், பாக்கலாம்னீங்க. நான் ஜெயிச்சா பாக்கலாம்னு சொல்ல மாட்டனுங்க. தண்ணி சொமக்கறவ நான்."

திமிரைப் பாரேன்! நூர்ஜஹானுக்குக் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. "ஏறு ஆட்டோவுல. இதை ஆபீசுல வந்து சொல்லு" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவளும் மறுக்காமல் ஏறினாள்.

ஆட்டோ கிளம்பியது. பத்து வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஊர்க்காரர்களின் ரேஷன் கார்டுக்கும் பென்ஷனுக்கும் மனு எழுதிக் கொடுத்தவள் நூர்ஜஹான். மெம்பரக்கா என்று நாலு பேர் கூப்பிட வேண்டும். அந்த ஆசை அவளுக்கு வெட்கமில்லாமல் இருந்தது. பக்கத்தில் இருந்தவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் ஈர முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டிருந்தாள். இவள் விலகமாட்டாள்.

ஆபீஸ் வராந்தாவில் நின்ற மாரப்பன் இரண்டு பேரும் சேர்ந்து இறங்குவதைப் பார்த்து வெலவெலத்துப் போனான். "ஏம்மா, உன்னைய ஊட்லயே இருக்கச் சொன்னனல்ல?"

கலீல் ஓடிவந்தார். "அல்ஹம்துலில்லாஹ்! கூட்டிட்டு வந்துட்டியா நூரு?"

உள்ளே தேர்தல் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடியே, "ஆரா பின்வலிக்கறது? வேகம் சொல்லணும்" என்று, வாபஸ் வாங்குவது யார் எனக் கேட்டு அவசரப்படுத்தினார். களத்துக்கார நூர்ஜஹான் தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் ஓர் அடியும் முன்னே வைக்கவில்லை. சமாதானமான மாரப்பன் ஜன்னலுக்கு வெளியே நின்று பல்லைக் காட்டினான். அந்தச் சிரிப்பைத்தான் மளிகைக்கடை நூர்ஜஹானால் தாங்க முடியவில்லை. இவனா ஜெயிப்பது?

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான்தாங்க சார்."

"நூரு! உனக்கென்ன பைத்தியமா?" கலீலின் குரல் உடைந்தது.

அவள் திரும்பிப் பார்க்காமல் கையெழுத்தைப் போட்டாள். மாரப்பன் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். வார்டில் இனி ஒரே ஒரு நூர்ஜஹான்தான், எழுதிய சுவரெல்லாம் அவளுக்குத்தான் என்பது மண்டையில் உறைத்ததும் போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

வாசலுக்கு வந்ததும் மற்றவள் நூர்ஜஹானின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்கு நாலு பேர் முன்னால பேசக்கூடத் தெரியாதுங்க்கா. பயமா இருக்குதுங்க."

"கையை விடு புள்ள. உம்மேல எனக்குக் கோவம் இன்னும் ஆறலை." நூர்ஜஹான் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வெடிஞ்சதும் வர்றேன். ஊடு ஊடாப் போகோணும். நான் பேசறேன், நீ கூட நின்னாப் போதும்."

ஆட்டோவில் ஏறியவள் வீடு வரும்வரைக்கும் அழுதாள். சுவரெழுத்து கண்ணில் படாமலிருக்கக் கலீல் ஆட்டோவின் படுதாவை இறக்கிவிட்டார்.