முந்திரிக்கொட்டையின் புள்ளி

அக்கா பாதி குடித்து வைத்திருந்த காபியைத் தம்பி எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சு, உனக்கு எதுக்கு?" என்றான். அவள் திட்டி முடிப்பதற்குள் மலைப்பாதையில் அவன் பைக் சத்தம் கேட்டது. மூன்றாவது வளைவில் லாரி மோதி, அங்கேயே போய்விட்டான்.

மலையுச்சித் தொலைநோக்கியை இயக்குபவள் அவள். படங்களை அலசுபவன் அவன். வானத்தில் எங்கோ காமா கதிர் வெடித்ததாகச் செயற்கைக்கோள் தகவல் கொடுத்தால், அதன் பின்னொளி மங்குவதற்குள் தொலைநோக்கியை அங்கே திருப்பியாக வேண்டும். அதில் அவனுக்கு இருந்த அவசரத்துக்கு முந்திரிக்கொட்டை என்றே பெயர் வைத்திருந்தார்கள். அன்றைக்கும் மங்கலாக ஒரு புள்ளியைப் பிடித்து, பின்னொளி கிடைத்துவிட்டது என்று உலகத்துக்கே செய்தி அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினான்.

மற்ற ஊர்களில் மேகம். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் கேன்டீனில் முணுமுணுப்பு எழுந்தது. அது பின்னொளியே இல்லையாம், பழைய படங்களில் பதியாத அளவு மங்கலான ஏதோ விண்மீன் திரளாம், போகும்போதும் முந்திவிட்டானாம். தீர்த்துக்கொள்ள ஒரே வழி, திரும்பப் பார்ப்பது. புள்ளி மறைந்திருந்தால் அவன் சொன்னது சரி.

அவள் ஆய்வகத் தலைவரிடம் போய்த் தொலைநோக்கியில் நேரம் கேட்டாள். அவர் கெட்டவர் அல்ல.

"விடும்மா. பார்க்காத வரைக்கும் அவன் பேரு நல்லாத்தானே இருக்கு?"

"சந்தேகத்துல தொங்கிட்டு இருக்கிற பேரு அவனுக்கு வேணாம் சார். நேரம் குடுங்க. இல்லைன்னா சாவிய வாங்கிக்குங்க."

அந்தக் கிழட்டுத் தொலைநோக்கி அவளைத் தவிர யார் சொல்லையும் கேட்காது. கொடுத்தார்.

பொழுது சாய்ந்ததும் குவிமாடத்தைத் திறந்தாள். ஒரு படத்தில் ஒன்றுமே விழக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டது அதுவே முதல் தடவை. திரையில் படம் வந்தது. புள்ளி இருந்தது.

பின்னால் நின்ற தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதை வெளியே சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டமில்லை என்றார். அவள் திரும்பவில்லை. இரண்டு படங்களையும் அளந்து முடித்துத் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தாள்.

"முதல்ல சொன்னது நாங்க சார். தப்புன்னும் நாங்கதான் சொல்லுவோம்."

கண்டவன் என்று அவன் பெயரையும், திரும்பப் பார்த்தவள் என்று தன் பெயரையும் போட்டாள். அதன்கீழ் ஒரே வரி எழுதி அனுப்பினாள்: புள்ளி அதே இடத்தில் இருக்கிறது, இம்மியும் மங்கவில்லை.