அம்மாவின் மிஷின் ஓடும் இடங்கள்

ஒழுங்கு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். நாடகக் குழுவுக்கு மேடையோரம் உட்கார்ந்து கீபோர்டு வாசிக்கிறவள் நான். என் மடிக்கணினியில் ஒலிகளை எல்லாம் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்திருப்பேன்: மழை, கோபம், கதவு, காத்திருத்தல். எந்தக் குமிழை எவ்வளவு திருகினால் எந்த ஒலி வரும் என்று கணினி எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புக்குத்தான் பிரீசெட் என்று பேர். என் பிரீசெட்டுகளுக்கு மூன்று இடத்தில் நகல் இருக்கிறது. இதைக் கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அதனால், அரங்கேற்றத்தன்று காலையில் மடிக்கணினி கண்ணைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தபோது நான் பதறவில்லை. பழுது பார்ப்பவர் நாளைக்குத்தான் முடியும் என்றபோதும் பதறவில்லை. இயக்குநர்தான் பதறினார்.

"போச்சா? எல்லாம் போச்சா?"

"ஒண்ணும் போகல. உங்க கம்ப்யூட்டரக் குடுங்க. மதியத்துக்குள்ள எல்லாத்தையும் ஏத்திடறேன்" என்றேன், காலாட்டிக்கொண்டே.

ஏற்றினேன். பெட்டிகள் வரிசை பிசகாமல் வந்து நின்றன. மழை பெய்தது. கதவு கிறீச்சிட்டது. 'மிஷின்' என்பதைத் திறந்து கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினேன். சத்தமே இல்லை. மூலப்பதிவு கிடைக்கவில்லை என்று சிவப்பில் ஒரு வரி மட்டும் வந்தது.

நாடகமே அந்த ஒலியில்தான் தொடங்குகிறது. என் அம்மா தையல்காரர். அவளுடைய மிதி மிஷின் ஓடும் சத்தத்தைப் பதிவுசெய்து, நீட்டி, தணித்து நான் உண்டாக்கியது அது. "உன் மிஷினை மேடையில கேக்க வைக்கிறேன்" என்று சொல்லி அம்மாவை முன் வரிசைக்கு அழைத்திருந்தேன். அவள் அதற்காகக் கடையை மூடிவிட்டு வருகிறாள். காய்ச்சலுக்குக்கூட மூடாத கடை.

மற்ற ஒலிகளைக் கணினியே உண்டாக்கிக்கொள்ளும். அவற்றுக்குக் குறிப்பு போதும். மிஷினுக்கு மட்டும் அந்தப் பதிவு வேண்டும். அது செத்துப்போன கணினியின் வேறொரு மூலையில் கிடந்தது. மூன்று நகலிலும் நான் அதைச் சேர்க்கவே இல்லை. அடுக்களையில் சட்டிகளைப் பளபளவென்று அடுக்கிவிட்டு அரிசி வாங்க மறந்த கதைதான்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஏம்மா, அந்தப் பழைய மிதி மிஷின்..."

"அத எடைக்குப் போட்டாச்சேடி. மோட்டார் வந்தப்புறம் முட்டி வலியே இல்ல. ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற குரலா இது? சரி வை, அளவு எடுத்துட்டு இருக்கேன்."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் பேக்கரிக்காரர் ஞாபகம் வந்தது. ரொட்டி அடுப்பில் வேகும் நேரத்தில் இசையமைப்பவர். பிரீசெட் பகிரும் இணையக் குழுவில் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. ஒருமுறை மிஷினைக் கேட்டிருந்தார். அவரிடம் பதிவு இருக்காதே என்று அதையும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருந்தேன். அடுத்தவருக்கு அனுப்பும்போது மட்டும் அவ்வளவு கவனம்! உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"மிஷினா? பத்திரமா இருக்குங்க" என்று சிரித்தார். "ஆனா கோச்சுக்கக் கூடாது. உங்களக் கேக்காம நாலஞ்சு பேருக்குக் குடுத்துட்டேன். அவங்க இன்னும் யார் யாருக்கோ குடுத்துட்டாங்க. தாலாட்டு, ரயில் பாட்டுன்னு என்னென்னமோ பண்ணியிருக்காங்க."

வேறு நாளாக இருந்தால் சண்டைக்கு நின்றிருப்பேன். "நல்ல காரியம் பண்ணீங்கண்ணே. மொதல்ல அனுப்புங்க!" என்றேன்.

மிஷினோடு அந்தப் பாட்டுகளையும் அனுப்பினார். பிரீசெட்டில் 'ஆக்கியவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நான் என் பேரைப் போடாமல் 'அம்மா, தையல்காரர்' என்று போட்டிருந்தேன். எத்தனையோ கை மாறியும் ஒருவரும் அதை அழிக்கவில்லை. ஒவ்வொரு பாட்டின் கீழும் அப்படியே எழுதியிருந்தார்கள். என் திமிர் போன இடம் தெரியவில்லை. வேறொரு பெருமை வந்து நெஞ்சு முழுக்க உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் திரை விலகியது. கட்டையை அழுத்தினேன். மிஷின் அரங்கம் முழுக்க ஓடியது. முன் வரிசையைப் பார்த்தேன். அம்மாவின் பாதம் தரையில் தானாக மிதித்துக்கொண்டிருந்தது.

நாடகம் முடிந்ததும் நடந்ததை எல்லாம் சொல்லி, அந்தப் பாட்டுகளைக் காட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் கீழும் தன்னைத் தேடிப் படித்தாள்.

"இவங்கல்லாம் யாருடி?"

"யாருன்னே தெரியாதும்மா."

அம்மா அந்தப் பக்கம் போன இயக்குநரை நிறுத்தினாள்.

"தம்பி, இங்க வாங்க. எடைக்குப் போட்ட மிஷின் எத்தன வீட்ல ஓடுது பாருங்க. ஓட்டறது யாருன்னும் போட்டிருக்கு, படிங்க. சத்தமாப் படிங்க."