பத்து நிமிடம் கொதித்தும் சாகாதது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது எங்கள் பள்ளிக்கே தெரியும். கோபத்துக்கு முன்னால் பசி வந்துவிடும் என்பது என் தோழி சிஹோவுக்கு மட்டும் தெரியும். அன்று இரண்டாவது பீரியட் முடிந்ததுமே மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டேன். பள்ளியில் அதற்குத் தடை. பாதி வகுப்பு புத்தகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அதைத்தான் செய்யும், அது வேறு விஷயம். டப்பாவில் சோறும் நாத்தோவும். நொதித்து நூல் நூலாக இழுபடும் அந்த சோயாப் பயறு இல்லாத வீடு எங்கள் மித்தோ ஊரில் கிடையாது. வழித்துத் தின்றுவிட்டு, சாப்பிடும் குச்சிகளைக் காகிதத்தில் துடைத்துப் பையில் செருகிக்கொண்டு உயிரியல் கூடத்துக்கு ஓடினேன்.

நுமாஜிரி டீச்சர் கரும்பலகையில் உயிருள்ளவற்றின் அடையாளங்களை எழுதிப்போட்டிருந்தார். உண்ணும், மூச்சுவிடும், வளரும், பெருகும், தொட்டால் உணரும். உயிர் உயிரிலிருந்துதான் வரும், தானாக முளைக்காது என்பதை நாங்கள் குடுவையில் காட்ட வேண்டும். சோயாப் பயறு வேகவைத்த நீரைக் குடுவையில் ஊற்றி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வாயைப் பஞ்சால் அடைத்து, கதகதப்பான பெட்டியில் வைக்க வேண்டியது. உள்ளே இருப்பதெல்லாம் செத்துவிட்டால் நீர் தெளிவாகவே இருக்கும். தெளிவான குடுவையும் நல்ல குறிப்பும் உள்ள ஒரு குழு சுகுபா நகரில் நடக்கும் மாணவர் அறிவியல் கூட்டத்துக்குப் போகலாம். சுகுபாவின் ஆய்வுக்கூடங்களைப் பார்க்க வேண்டும் என்பது சிஹோவுக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பைத்தியம். நானும் அவளும் ஒரே குழு.

சிஹோ தொட்டியடியில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பில் ஏற்றுமுன் நீரைக் கலக்கப் பார்த்தால் கண்ணாடிக் கோலை ஹகமடா குழு எடுத்துப் போயிருந்தது. பையிலிருந்த குச்சியை எடுத்துக் கலக்கிவிட்டேன். கொதிக்கப்போகிறதுதானே, எது பிழைக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மற்ற நான்கு குழுக்களின் குடுவையும் தெளிவாக இருந்தது. எங்களுடையது மட்டும் கலங்கி, மேலே வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது.

"டீச்சர், இங்க வந்து பாருங்க! இவங்க குடுவையில உசுரு தானா முளைச்சிருக்கு!" என்று ஹகமடா கூவினான். "ரிட்சு சாமி படைச்ச உலகம் டீச்சர்!"

ரிட்சு நான்தான். வகுப்பே சிரித்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. சிஹோ பக்கம் திரும்பினேன்.

"ஒழுங்கா கழுவினியாடி நீ?"

"மூணு தடவ கழுவினேன்."

"அப்ப நாலாவது தடவ கழுவியிருக்கணும்!"

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். சிஹோ அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "குழுவுலேர்ந்து என் பேர எடுத்துடு" என்று சொல்லிவிட்டு ஜன்னலோர மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் மதியம் கலங்கிய குடுவையைக் கொட்டக் கொண்டுபோனேன். பஞ்சை எடுத்ததும் ஒரு வாடை வந்தது. மித்தோவில் தொட்டில் குழந்தைகூட அந்த வாடையைச் சொல்லிவிடும். நாத்தோ. என் குச்சி!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வெட்கத்தில் காது சுட்டது. அரை நிமிடம் இருக்கும், வெட்கத்தைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று வந்து நின்றது. பத்து நிமிடம் தளதளவென்று கொதித்ததே! அதற்குள் இருந்து ஒன்று பிழைத்து வந்திருக்கிறதே!

ஆசிரியர் அறைக்கு ஓடினேன்.

"டீச்சர், கொதிக்கிற தண்ணியில சாகாத உசுரு இருக்கா?"

"நான் சொன்னா நீ ஒருத்தி நம்புவ. குடுவை சொன்னா எல்லாரும் நம்புவாங்க. போய்ச் செஞ்சு பாரு" என்றார் டீச்சர், நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே.

அலமாரியில் சிஹோ அன்றைக்குக் கழுவிக் கவிழ்த்த குடுவைகளில் நான்கு மிச்சம் இருந்தன. ஒரு பேச்சுக்குக் கழுவலாம் என்று குழாயைத் திறந்துவிட்டு, சட்டென்று மூடினேன். நான் கழுவிவிட்டால் அவள் கழுவியது சுத்தம் என்று எப்படிக் காட்டுவது? அப்படியே எடுத்தேன். சோயா நீரை ஊற்றி, இரண்டில் புதுக் குச்சியால் கலக்கினேன், இரண்டில் நாத்தோ தொட்ட குச்சியால். கடிகாரத்தைப் பார்த்து நான்கையும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். இனி, நான்கும் கலங்கினால் குற்றம் சிஹோ மேல். இரண்டு கலங்கினால் என் மேல். அந்த இரண்டு கலங்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு பெட்டியை மூடினேன்.

மூன்றாம் நாள் காலை முதல் ஆளாகப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். புதுக் குச்சிக் குடுவைகள் இரண்டும் தேநீர்போலத் தெளிவாக இருந்தன. மற்ற இரண்டும் கலங்கி, அதே வெள்ளை ஆடை, அதே வாடை. கத்திக்கொண்டே குதித்தேன். தான்தான் குற்றவாளி என்று ருசுவானதற்கு இப்படிக் குதித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வகுப்பில் நான்கையும் மேசையில் வைத்தேன். "கழுவினதுல தப்பில்ல. தப்பு என் குச்சியில. ரெண்டாவது பீரியட் முடிஞ்சதுமே டப்பாவத் தின்னுட்டு, அந்த நாத்தோக் குச்சியாலயே கலக்கிட்டேன்" என்றேன். டீச்சர் புருவத்தைத் தூக்கினார்.

ஹகமடா விடுவானா? "கரும்பலகையைப் பாரு. கொதிக்கிறப்போ அது தின்னுச்சா? வளந்துச்சா? பெருகுச்சா? ஒண்ணுகூட இல்ல. அப்ப அது செத்ததுதான?"

பதில் ஜன்னலோரத்திலிருந்து வந்தது.

"உங்க வீட்டு விதைநெல்லு குளிர்காலம் பூரா மூட்டையில கெடக்கே, அது தின்னுதா? வளருதா? அது செத்ததாடா?" சிஹோ எழுந்தே விட்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "இந்த நாத்தோ உசுரும் அப்படித்தான், ஓடு கட்டிக்கிட்டுக் காத்திருக்கு. சூடு போனதும் முளைச்சிருச்சு. அப்படித்தான டீச்சர்?"

டீச்சர் சாக்பீஸை எடுத்து, பட்டியலின் கடைசியில் 'காத்திருக்கும்' என்று எழுதினார். ஒரு மாதம் கூடத்தை நான் பெருக்க வேண்டும் என்றார். அடுத்த மூச்சிலேயே, "தெளிஞ்ச குடுவை நாலு குழுகிட்ட இருக்கு. கலங்கினா ஏன்னு தெரிஞ்சது ஒரு குழுவுக்குத்தான். சுகுபாவுக்கு அவங்க போகட்டும்" என்றார்.

எனக்கு அது காதில் பாதிதான் விழுந்தது. சிஹோ மேசைக்கு வந்து, தெளிந்த குடுவை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத யாரு கழுவினா?"

"நீதான். அன்னைக்கு நீ கவுத்து வெச்சதுதான். நான் தண்ணி காட்டவே இல்ல."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட. மன்னிச்சிருடி."

சிஹோ குடுவையை மெதுவாக வைத்தாள்.

"சுகுபா குறிப்புல என் பேர மேல எழுது. உன் பேர கீழ போட்டு, 'குச்சி உபயம்'னு எழுது."